ஞானத் தேடலில் சுற்றத்தாருக்கு என்ன இடம்?

யாங்கோனில் வேலை பார்க்கும் தமிழ் இளைஞர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது. விபஸ்ஸனா என்ற பௌத்தத் தியானத்தைக் கற்றுத்தரும் பத்து நாள் முகாமை முடித்து வீடு திரும்பியதிலிருந்து, கல்யாணப் பேச்சை விடாத அம்மா, தேநீர்க்கடை நண்பர்களின் அரட்டை, கோயில் நிர்வாகத்தில் நடக்கும் பூசல் என எல்லாமே தியானத்துக்கு இடைஞ்சலாகத் தெரிகின்றன. ‘காண்டாமிருகத்தின் கொம்பைப் போலத் தனித்துச் செல்க’ என்று புத்தரின் வாக்கே இருக்கும்போது, ஞானத்தை நாடுகிறவனுக்கு உறவுகள் சுமைதானே, அவற்றை இப்போதே உதறிவிடுவதுதானே நேர்மை என்கிறார்.

உறவு சுமையா துணையா என்று பொதுப்படக் கேட்டால் உருப்படியான பதில் கிடைக்காது என்பது என் எண்ணம். நம் பிழையை நம்மிடம் எடுத்துச் சொல்லக்கூடியவர் யார், அவர் சொல்லும்படி நாம் விட்டுவைத்திருக்கிறோமா என்று கேட்டால் பல முடிச்சுகள் அவிழும். பர்மாவில் வாழும் நமக்கு இதை ஆராயப் பிடகங்கள் எனப்படும் பௌத்த மூலநூல்களும், இந்த மண்ணில் தியானம் பரவிய வரலாறும், நாம் கொண்டுவந்த சைவ மரபும் என மூன்று பக்கமும் சான்றுகள் கிடைக்கின்றன.

முதலில் அந்தக் காண்டாமிருகம். பிடக நூல்களில் ஒன்றான சுத்த நிபாதத்தில் வரும் அந்தப் பாடல் தொகுதி ஏறக்குறைய ஒவ்வொரு செய்யுளையும் ‘தனித்துச் செல்க’ என்றே முடிக்கிறது என்பது உண்மை. ஆனால் அதற்குள்ளேயே ஒரு செய்யுள், அறிவும் நல்லொழுக்கமும் உள்ள ஒரு தோழன் கிடைத்தால் எல்லா இடர்களையும் வென்று அவனோடு மகிழ்ந்து செல்க என்கிறது. அப்படி ஒருவன் கிடைக்காவிட்டால், வென்ற நாட்டை விட்டுப் போகும் அரசனைப் போலத் தனித்துச் செல்க என்று அடுத்த செய்யுள் தொடர்கிறது. நல்ல துணை கிடைக்காதவன் தீய துணையோடு போவதைவிடத் தனியே போவது மேல் என்பதே அங்கே சொல்லப்படுவது; துணையே வேண்டாம் என்பதல்ல. சம்யுத்த நிகாயம் என்ற நூலில் சீடர் ஆனந்தர் புத்தரிடம் வந்து, நல்லோர் நட்பு துறவு வாழ்வில் பாதி என்று சொல்கிறார். அப்படிச் சொல்லாதே ஆனந்தா, அதுவே இந்த வாழ்வு முழுவதும் என்று புத்தர் திருத்துகிறார். இந்தப் பகுதியைப் பொங்கிகள், அதாவது பர்மியப் பிக்குகள், உபதேசங்களில் அடிக்கடி எடுத்துச் சொல்வதால் நம்மில் பலர் கேட்டே இருப்போம்.

அதிகம் பேசப்படாதது மேகியரின் கதை. உதானம் என்ற பிடக நூலில் வருகிறது. அவர் அப்போது புத்தருக்குப் பணிவிடை செய்துகொண்டிருந்த இளம் பிக்கு. பிச்சைக்குப் போய்த் திரும்பும் வழியில் கிமிகாலா ஆற்றங்கரையில் ஒரு மாந்தோப்பைப் பார்க்கிறார். தியானத்துக்கு இதைவிட நல்ல இடம் ஏது என்று தோன்றுகிறது. புத்தரிடம் அனுமதி கேட்க, வேறு பிக்கு ஒருவர் வரும்வரை பொறு, இங்கே நான் தனியாக இருக்கிறேன் என்கிறார் அவர். உங்களுக்குச் செய்ய வேண்டியது இனி ஒன்றும் இல்லை, எனக்கு இருக்கிறது என்று மேகியர் மூன்று முறை வற்புறுத்திவிட்டுப் போகிறார். மரத்தடியில் உட்கார்ந்தால் காமமும் வெறுப்பும் பிறரை வருத்தும் எண்ணமும் அவரைச் சூழ்ந்துகொள்கின்றன. வியப்போடு திரும்பி வந்தவருக்கு, பக்குவப்படாத மனம் பக்குவப்பட ஐந்து வேண்டும் என்று புத்தர் சொல்கிறார். அவற்றில் முதலாவது நல்ல நண்பர். அந்த நண்பர் இருந்தால் ஒழுக்கம், பயனுள்ள பேச்சு, முயற்சி, அறிவு என்ற மற்ற நான்கும் வந்து சேரும் என்கிறார்.

கேள்வி கேட்டவர் மேகியரின் வாதத்தைத்தான் வேறு சொற்களில் சொல்கிறார் என்பது புரிந்திருக்கும். தோப்பு அழகானது, எனக்கு வேலை இருக்கிறது, உங்களுக்கு நான் தேவையில்லை. அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் தோப்பில் வந்து தாக்கியவை அவர் கூடவே கொண்டுபோனவை; ஊரில் இருந்தபோது அவை வெளித்தெரியாமல் இருந்தன, அவ்வளவுதான்.

இனி, என் கருத்துக்கு அடிப்படையாக நான் கருதும் இரண்டு மௌனங்களைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மஜ்ஜிம நிகாயம் என்ற நூலில் அனுருத்தர், நந்தியர், கிம்பிலர் என்ற மூன்று பிக்குகள் கோசிங்க சாலவனத்தில் வசிக்கிறார்கள். அவர்களைப் பார்க்கப் புத்தர் போகிறபோது, உள்ளே மூவர் தவத்தில் இருக்கிறார்கள், தொந்தரவு செய்யாதீர்கள் என்று வனக்காவலன் அவரையே தடுக்கிறான். அவ்வளவு கட்டுக்காவலான தனிமை. எப்படி வாழ்கிறீர்கள் என்று புத்தர் கேட்க, பாலும் தண்ணீரும் கலந்ததுபோல ஒருவரை ஒருவர் அன்பான கண்ணோடு பார்த்து வாழ்கிறோம் என்கிறார் அனுருத்தர். பிறகு அவர் சொல்வது முழுக்க வீட்டு வேலை: பிச்சையிலிருந்து முதலில் திரும்புகிறவர் இருக்கைகளை விரித்து, குடிக்கவும் கால் கழுவவும் தண்ணீர் எடுத்து வைக்கிறார், கடைசியில் வருகிறவர் மிச்சம் இருந்தால் சாப்பிட்டு, இடத்தைக் கூட்டிப் பாத்திரங்களை ஒதுக்கி வைக்கிறார், குடம் காலியாக இருப்பதை யார் பார்க்கிறாரோ அவர் நிரப்புகிறார், தனியாகத் தூக்க முடியாத கனம் என்றால் இன்னொருவரைக் கையால் சாடை காட்டி அழைத்து இருவரும் சேர்ந்து தூக்குகிறார்கள், அதற்காகப் பேச்சைத் தொடங்குவதில்லை, ஐந்து நாளுக்கு ஒருமுறை இரவு முழுவதும் உட்கார்ந்து தம்மத்தை, அதாவது புத்தரின் போதனையைப் பற்றிப் பேசுகிறார்கள். என் விருப்பத்தை ஒதுக்கி வைத்துவிட்டு இவர்கள் விரும்புவதைச் செய்தால் என்ன என்று நினைத்து அப்படியே செய்கிறேன் என்றும் அனுருத்தர் சொல்கிறார். புத்தர் பாராட்டுகிறார்.

பிக்குகளின் ஒழுக்க விதிகளைச் சொல்லும் விநய பிடகத்தின் மகாவக்கம் என்ற பகுதியில் கோசல நாட்டுப் பிக்குகள் சிலர் வருகிறார்கள். மழைக்காலம் மூன்று மாதமும் சண்டை சச்சரவின்றி வாழ என்ன வழி என்று யோசித்து, ஒருவரோடு ஒருவர் பேசுவதே இல்லை என்று முடிவு செய்கிறார்கள். அவர்களுடைய ஏற்பாடும் ஏறக்குறைய வரிக்கு வரி அதேதான்: முதலில் வருகிறவர் இருக்கை விரிப்பது, காலிக் குடத்தை நிரப்புவது, கனமாக இருந்தால் கைச்சாடை. மழைக்காலம் முடிந்து புத்தர் இருந்த சாவத்தி நகருக்கு வந்து, ஒற்றுமையாக இருந்தோம் என்று பெருமையாகச் சொல்கிறார்கள். புத்தர் கடிந்துகொள்கிறார். ஆடுமாடுகள் சேர்ந்து வாழ்வதுபோல வாழ்ந்துவிட்டு நன்றாக வாழ்ந்தோம் என்கிறார்களே என்று சொல்லி, ஊமை விரதத்தையே தடை செய்கிறார்.

அதே குடம், அதே தண்ணீர், அதே மௌனம். ஒன்று பாராட்டப்பட்டது, மற்றது கண்டிக்கப்பட்டது. வேறுபாடு எங்கே என்று தேடினால் இரண்டு இடங்களில் கிடைக்கிறது: ஐந்து நாளுக்கு ஒருமுறை நடந்த அந்த இரவுப் பேச்சும், ஒருவர் விருப்பத்துக்காகத் தன் விருப்பத்தை ஒதுக்கிய மனமும் கோசலத்தில் இல்லை. அங்கே பிணக்கு வரக்கூடாது என்பதற்காக மௌனம் மேற்கொள்ளப்பட்டது. யாரும் யாரையும் திருத்த வழியில்லாமல் போயிற்று.

கண்டித்ததோடு புத்தர் நிற்கவில்லை, பவாரணை என்ற சடங்கை அங்கேயே ஏற்படுத்தினார். மழைக்கால முடிவில் ஒவ்வொரு பிக்குவும் கைகூப்பிக் குந்தி, என்னிடம் நீங்கள் கண்ட, கேட்ட, ஐயுற்ற குற்றம் ஏதேனும் இருந்தால் இரக்கம் கொண்டு சொல்லுங்கள், தெரிந்துகொண்டால் திருத்திக்கொள்வேன் என்று சங்கத்தை மூன்று முறை வேண்ட வேண்டும். மூத்தவரே முதலில் வேண்டுகிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். இங்கே ஆண்டுதோறும் தடிஞ்சுட் பௌர்ணமியன்று மடங்களில் நடப்பது இதுதான். தெருவெல்லாம் விளக்கு வைக்கும் அதே நாட்களில் பர்மியர்கள் பெற்றோர், ஆசிரியர், ஊர்ப் பெரியவர் வீடுகளுக்குப் பழமும் பலகாரமும் எடுத்துப்போய்க் கடோ செய்து, அதாவது பணிந்து வணங்கி, தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழையைப் பொறுக்கக் கேட்கிறார்கள். நம் வீட்டுப் பிள்ளைகளும் பள்ளியில் அதைச் செய்தே வளர்கிறார்கள். தீபாவளியும் தடிஞ்சுட்டும் அடுத்தடுத்து வருவதால் நாம் அதை ஒரு விளக்குப் பண்டிகையாக மட்டும் எடுத்துக்கொண்டுவிட்டோமோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

முகாமில் கடைப்பிடிக்கும் மௌனத்தையும் இந்த வெளிச்சத்தில் பார்க்கலாம். விபஸ்ஸனா ஆசிரியர் கோயங்காவின் மரபில் சக தியானிகளோடு பேசக்கூடாதே தவிர ஆசிரியரிடம் ஐயம் கேட்கலாம். பத்தாம் நாள் மெத்தா பாவனை எனும் அன்புத் தியானத்துக்குப் பிறகு மௌனம் கலைக்கப்படுகிறது. பர்மியப் பிக்கு மகாசி சயாடோவின் மரபில் யோகி, அதாவது தியானம் பயில்பவர், தன் அனுபவத்தை ஆசிரியரிடம் முறையாகச் சொல்லித் திருத்தம் பெற வேண்டும். இரண்டிலும் மௌனத்தின் நடுவே ஒரு வாசல் திறந்தே இருக்கிறது.

பெற்றோர் விஷயத்துக்கு வருகிறேன். தம் மகன் ராகுலனைப் புத்தர் துறவில் சேர்த்தபோது தாத்தா சுத்தோதனர் வந்து, நீ போனபோது எனக்கு வலித்தது, உன் தம்பி நந்தன் போனபோதும் வலித்தது, பேரனும் போனபோது தாங்க முடியவில்லை. பிள்ளைப்பாசம் தோலை அறுத்து, சதையை அறுத்து, எலும்பின் மஜ்ஜைவரை போகிறது, இனிமேலாவது பெற்றோர் சம்மதமின்றி யாருக்கும் துறவு கொடுக்க வேண்டாம் என்று கேட்கிறார். புத்தர் அதை விதியாக ஆக்கினார். இன்றும் பர்மாவில் பிக்குவாகும் ஒவ்வொருவரிடமும் சடங்கின் நடுவே தாய் தந்தை அனுமதி பெற்றாயா என்று பாலியில் கேட்கிறார்கள். ரட்டபாலர் என்ற செல்வர் மகன் பெற்றோர் சம்மதிக்காததால் வெறுந்தரையில் பட்டினி கிடந்தார். கடைசியில், துறவியானபின் வந்து முகம் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு விட்டார்கள். சொல்லாமல் ஓடிவிடுவது அவருக்கு எளிதாக இருந்திருக்கும். ஆனால் அந்த வழியைச் சங்கம் ஏற்காது.

இந்த மண்ணின் வரலாறும் அதையே காட்டுகிறது. யாங்கோன் ஆற்றுக்கு எதிர்க்கரையில், டலாப் பக்கம் உள்ள ப்யாவ்ப்வேஜி கிராமத்தில் வாழ்ந்த விவசாயி சயா தெட்ஜி. 1903-ல் வந்த காலரா அவருடைய மகனையும் மகளையும் கொண்டுபோயிற்று. சாவில்லாத ஒன்றைத் தேடிப் போகிறேன் என்று புறப்பட்டவர், மனைவியிடமும் மைத்துனியிடமும் அனுமதி பெற்று, ஊர்த்தோழர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டே போனார். நாடெங்கும் அலைந்து கடைசியில் லெடி சயாடோ என்ற பிக்குவிடம் சேர்ந்தார், இல்லறத்தாராகவே ஆசிரியரானார். அவர் போனபின் வீட்டையும் நிலத்தையும் பார்த்துக்கொண்ட பெண்களின் பங்கை நாம் அரைவரியில் கடந்துவிடுகிறோம். ஒருவருடைய தேடலுக்கு வேண்டிய ஓய்வை வேறு யாரோ உழைத்துக் கொடுக்கிறார்கள். அது யார் என்று கேட்காத தேடலில் எனக்கு மரியாதை குறைவு.

சயா தெட்ஜியிடம் 1937-ல் கற்றவர் ஊ பா கின். 1948-ல் சுதந்திர பர்மாவின் தலைமைக் கணக்காயராகி, அலுவலகத்தில் தம்மோடு வேலை செய்தவர்களுக்கே தியானம் கற்றுத்தந்தார். 1952-ல் யாங்கோனில் சர்வதேசத் தியான மையத்தை ஏற்படுத்தினார். மண்டலேயில் பிறந்த மார்வாடி வணிகரான கோயங்கா, தீராத ஒற்றைத் தலைவலியோடு 1955-ல் அவரிடம் வந்தார். வைதிகக் குடும்பத்தில் வளர்ந்தவர் பௌத்தரிடம் போவதா என்று தயங்கியே வந்தார் என்பது நமக்கெல்லாம் எளிதில் விளங்கக்கூடியது. பதினான்கு ஆண்டுகள் கழித்து இந்த முறை இந்தியாவுக்குப் போனதற்கு உடனடிக் காரணம் ஓர் உறவுதான்: அங்கே நோயுற்றிருந்த தாய்க்குக் கற்றுத்தர அவர் 1969-ல் புறப்பட்டார். அந்த ஆண்டு ஜூலையில் பம்பாயில் நடந்த முதல் முகாமில் பெற்றோரும் வேறு சிலருமே உட்கார்ந்தார்கள். 1964-ல் கடைகளும் ஆலைகளும் அரசுடைமையானபின் கப்பலேறிப் போன உறவினர்கள் இல்லாத தமிழ்க்குடும்பம் யாங்கோனில் அரிது. ஆதலால் கடலுக்கு அந்தப்பக்கம் நோயோடு இருக்கும் தாய் என்றால் என்னவென்று நம் மூத்த தலைமுறைக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

தியான ஆசிரியை தீபா மாவைப் பற்றியும் ஒரு சொல். சிட்டகாங் பகுதியில் 1911-ல் பிறந்து, இளவயதிலேயே மணமாகி யாங்கோனுக்கு வந்தவர். குழந்தைகள் இருவரைப் பறிகொடுத்தார். 1957-ல் கணவரும் போய்விட்டார். உடலும் மனமும் தளர்ந்த நிலையில், எஞ்சிய ஒரே மகளை வைத்துக்கொண்டு மகாசி சயாடோவின் முறையில் பயின்றார். பின்னாளில் அவருடைய சகோதரியும் மகளும்கூடப் பயின்றார்கள். 1967-ல் கல்கத்தாவுக்குப் போய்ச் சிறிய வீடொன்றில், அக்கம்பக்கத்துக் குடும்பப் பெண்களுக்குக் கற்றுத்தந்தார். பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போதும் பாத்திரம் கழுவும்போதும் அதையே கவனியுங்கள் என்பது அவர் வழி. தியானத்துக்கு நேரமில்லை என்று அவரிடம் சொன்னவர்களுக்கு அதற்குமேல் சாக்குச் சொல்ல இடமில்லாமல் போயிற்று.

காலையில் நம் தெருவில் நடப்பதையே பாருங்கள். சேலை கட்டி விபூதி பூசிய பெண்ணொருத்தி, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுச் சோற்றுப் பாத்திரத்தோடு வாசலில் நிற்கிறார். பொங்கிகள் வரிசையாக வர, ஒவ்வொரு பாத்திரத்தின் மூடியும் திறக்கிறது, ஒரு கரண்டிச் சோறு விழுகிறது, மூடி சாய்கிறது. நன்றி சொல்வதில்லை, நலம் விசாரிப்பதில்லை. ஆனால் பிக்கு தானே சமைக்கக் கூடாது, கொடுக்கப்படாததை உண்ணக் கூடாது, நாளைக்கென்று எடுத்து வைக்கவும் கூடாது என்று விநயம் விதித்திருக்கிறது. உலகைத் துறந்தவர் உலகத்தின் வாசலுக்குத் தினமும் வந்தே தீர வேண்டும் என்று திட்டமிட்டே அமைத்த ஏற்பாடு அது. முற்றிலும் தனித்திருக்கும் பிக்கு என்று ஒருவரை அந்த விதிகள் அனுமதிக்கவே இல்லை.

நம் சைவத்தில் இது இன்னும் வெளிப்படை. சைவ சித்தாந்த நூலான சிவஞான போதத்தின் பன்னிரண்டாம் சூத்திரம், மலம் நீங்கியபின் செய்ய வேண்டியதைச் சொல்லும்போது ‘அன்பரொடு மரீஇ’ என்கிறது: அடியாரோடு கலந்திருப்பது தொடக்க நிலையினருக்கான சாதனமாக மட்டும் நின்றுவிடாமல், முக்தி நிலையிலும் தொடர்கிறது. அப்பரை எடுத்துக்கொண்டால் திலகவதியாரை விட்டுவிட்டு அவர் கதையைச் சொல்லவே முடியாது. மணம் பேசிய கலிப்பகையார் போரில் இறந்ததும் உயிர்விடத் துணிந்தவர், தம்பிக்காக உயிர் தாங்கினார். தம்பி சமணத்தில் பெரும்பதவி பெற்றுச் சூலை நோயில் துடித்து ஆளனுப்பியபோது, அங்கே நான் வரமாட்டேன் என்றார். தம்பிதான் இரவோடிரவாகத் திருவதிகைக்கு வந்து காலில் விழுந்தார், அவர் திருநீறு கொடுத்தார். பாசத்துக்காக உயிரைத் தாங்கிய அதே அக்காள், வேண்டிய இடத்தில் வரமாட்டேன் என்றும் சொல்லத் தெரிந்தவராக இருந்தார். வள்ளுவர் ‘இடிக்கும் துணையார்’, அதாவது கடிந்து திருத்தும் துணையார், என்பது இத்தகையவரையே.

எல்லா உறவும் இப்படி என்று நான் சொல்லவரவில்லை. தேடலைக் கெடுக்கும் உறவுகள் உண்டு, அவற்றில் அதிக ஆபத்தானவை ஆன்மிகத்தின் பெயரால் வருபவை. குடிக்கக் கூப்பிடும் நண்பனை எளிதில் அடையாளம் காணலாம். நீ மற்றவர்களைப் போல அல்ல, உன் வீட்டாருக்கு உன்னைப் புரியாது, எங்களோடு மட்டும் இரு என்று சொல்லும் குழுவை அப்படிக் காண்பது கடினம். குருவைத் தவிர யாரும் குறை சொல்லக் கூடாது, குருவை யாருமே சொல்லக் கூடாது என்ற நிலை வந்துவிட்டால், பவாரணை செய்யும் சங்கத்துக்கு நேர் எதிரான ஒன்றில் நாம் சிக்கியிருக்கிறோம். கோசல மன்னன் பசேநதி ஒருமுறை, எதிரே போன துறவிகளைக் காட்டி, இவர்கள் அரகந்தர்களா, அதாவது முழு ஞானம் பெற்றவர்களா என்று புத்தரைக் கேட்டான். ஒருவருடைய ஒழுக்கம் சேர்ந்து வாழ்வதால் தெரியும், அவருடைய நேர்மை கொடுக்கல் வாங்கலில் தெரியும், மன உறுதி இடர் வந்தால் தெரியும், அறிவு உரையாடலில் தெரியும்; அதுவும் நெடுநாள் பழகி, கவனித்துப் பார்ப்பவருக்கே தெரியும் என்பது அவர் மறுமொழி. குருவை அளக்கச் சொன்ன அந்த நான்கும் நம்மை அளக்கவும் உதவும். நான்கும் தனியறையில் நடக்கக்கூடியவை அல்ல என்பதையும் பாருங்கள்.

எனவே, கேட்டவருக்கு நடைமுறையில் சில. அரட்டையைக் குறைக்கலாம், அதற்காக நண்பர்களைத் துறக்க வேண்டியதில்லை. காலையும் மாலையும் உட்காரும் நேரத்தை வீட்டாரிடம் வெளிப்படையாகச் சொல்லிக் கேட்டு வாங்கினால், பெரும்பாலான தாய்மார் அதைத் தருவதோடு மற்றவர்களையும் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்வார்கள். கோயில் நிர்வாகப் பூசலிலிருந்து தாராளமாக ஒதுங்கலாம். தீமிதிக்கு முன் கூட்டிப் பெருக்கவும் அன்னதானத்துக்கு அரிசி கழுவவும் போனால் போதும். முகாம் முடித்த பழைய மாணவர்களுக்காக வாரந்தோறும் கூட்டுத் தியானம் நடக்கும் இடம் இருந்தால் அதை விடாதீர்கள்; மேகியருக்குக் கிடைக்காமல் போனது உங்களுக்குப் பேருந்து தூரத்தில் இருக்கிறது.

கல்யாணத்தைப் பற்றி நான் முடிவு சொல்ல முடியாது. துறவு மேற்கொள்வதுதான் விருப்பம் என்றால், பர்மாவில் தற்காலிகமாகத் துறவு பூண வழி இருக்கிறது. நம் தமிழ்ப்பிள்ளைகள் பலரும் ஷின்ப்யூ என்ற இளந்துறவிச் சடங்கைச் செய்துகொண்டவர்கள். அம்மாவின் சம்மதத்தோடு ஒரு மழைக்காலம் மடத்தில் இருந்து பாருங்கள். இல்லை, கல்யாணம் வேண்டாம் என்பது மட்டுமே விருப்பம் என்றால், அதற்குத் தியானத்தைச் சாக்காக்காமல் நேராகச் சொல்லிவிடுங்கள். எதுவானாலும் முதலில் அம்மாவிடம், முகாமிலிருந்து வந்தபின் என்னிடம் என்ன மாற்றம் பார்க்கிறீர்கள், நல்லதும் கெட்டதும் சொல்லுங்கள் என்று கேட்டு, இடையில் பேசாமல் முழுவதையும் கேளுங்கள். அவர் சொல்வதில் பாதி கல்யாணப் பேச்சாகவே இருக்கும். மீதிப் பாதியை எந்த ஆசிரியரும் உங்களுக்குச் சொல்ல முடியாது, ஏனென்றால் எந்த ஆசிரியரும் உங்களோடு ஒரே வீட்டில் இருந்ததில்லை.